உள்ளபடியாரின் சூசையப்பர்

ஆரணியில் எத்தனையோ பேர் எத்தனையோ தொழில் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் வாடிக்கைக்காரர் ஒருவரைக்கூடத் திருப்திப்படுத்தாமல், அதையே ஒரு விரதம் போலக் காத்து, சாகிறவரைக்கும் தொழிலையும் விடாமல் நடத்தியவர் உள்ளபடியார் ஒருவர்தான். அவர் தொழில் படம் எழுதுவது. அவர் எழுதிய படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தவர் என்று அந்தக் காலத்தில் ஓர் ஆளைக் காட்டச் சொன்னால், நான் அவரைத்தான் காட்ட வேண்டும்.

சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி, தனித் தறி போட்டிருந்தேன். எங்கள் கிறிஸ்தவத் தெருவில் என் வீட்டுப் பின்கட்டில் நூல் மூட்டை போடுகிற அறை ஒன்று இருந்தது. அதில்தான் அவர் குடியிருந்தார். ஞானஸ்நானப் பெயர் என்னவென்று கேட்டால், "அது கெடக்குதுங்க" என்பார். எதைப் பேசினாலும் "உள்ளபடி எழுதணுங்க" என்று முடிப்பார். அதுவே பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் வருவார். ஆடி மாதம் வண்டி கிடைத்தால் படவேட்டு அம்மன் திருவிழாவுக்கும் போய்விடுவார். "இது தகுமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அங்க மொகம் ஜாஸ்திங்க" என்றார்.

வாலிபத்தில் அவர் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடம் வண்ணம் அரைக்கிற வேலையில் இருந்தாராம். அந்தத் துரை பாரிஸ் பட்டணத்தில் படம் எழுதக் கற்றவர். அவர் சொன்ன கதைகளை இவர் எனக்கு வேதாகமக் கதை போல ஒப்பிப்பார். பாரிஸில் அதுவரை பெரிய படம் என்றால் ராஜா, ராஜாவின் குதிரை, பழங்காலத்து வீரர்கள், சிறகு வைத்த சம்மனசுகள், இவ்வளவுதானாம். அப்போது ஒரு கூட்டம் கிளம்பி, நம் காலத்து மனுஷரை நம் கண்ணால் கண்டபடி எழுதுவோம் என்றதாம். அதில் ஒருவர் ரோட்டோரம் கல் உடைக்கிற இரண்டு பேரை எழுதினார். கிழிந்த சட்டை, முகம்கூடச் சரியாகத் தெரியாது. அவரே தம் ஊரில் நடந்த ஓர் அடக்கத்தைச் சுவர் அகலத்துக்கு எழுதினார். வந்தவர்களெல்லாம் ஆளுயரம், சிவந்த மூக்கு உட்பட. இன்னொருவர் அறுத்த வயலில் குனிந்து கதிர் பொறுக்குகிற மூன்று பெண்களை எழுதினார். பெரிய மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். கண்காட்சியில் சில படங்களுக்கு இடம் இல்லையென்று சொல்லிவிட, அந்தக் கல் உடைக்கிற படக்காரர் பக்கத்திலேயே சொந்தக் கொட்டகை போட்டுத் தம் படங்களைத் தாமே மாட்டிவிட்டாராம்.

இந்த இடம் வரும்போது உள்ளபடியார் எழுந்து நின்றுவிடுவார்.

"கல் ஒடைக்கிறதப் பாக்கணும்னா வேலூர் ரோட்டுக்குப் போனா போதும். இதுக்கு இன்னாத்துக்குங்க பாரிஸு?" என்று கேட்டேன்.

"ரோட்டுல போறப்ப நீ பாத்தியா?"

"பாத்தேனே."

"எந்தக் கையில சுத்தி புடிச்சிகினு இருந்தான்?"

நான் தறியில் குனிந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவரை நம்பி, பட்டு வியாபாரி ஒருவர் தம் படத்தை எழுதச் சொன்னார். சரிகைத் தலைப்பாகை கட்டி, விரலெல்லாம் மோதிரம் போட்டு, நாள் கணக்காக உட்கார்ந்தார். படம் முடிந்தது. தலைப்பாகை அசல் சரிகையாகவே மின்னியது. வியாபாரி பூரித்துப்போய்க் கீழே பார்த்தார். தாடைக்குக் கீழே தொங்குகிற சதை அப்படியே தொங்கியது. உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"இன்னாய்யா இது?"

"வெத்தல சாறுங்க."

"நான் தொடைச்சிக்குவேன்ல?"

"தொடைக்கலீங்களே. நானும் இன்னிக்குத் தொடைப்பாரு, நாளைக்குத் தொடைப்பாருன்னு பாத்துகினே இருந்தேன்."

வியாபாரி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். பிற்பாடு புருஷனோடு சண்டை வந்தபோதெல்லாம் அந்த வீட்டம்மாள் அதைத் திருப்பி வைப்பாள் என்று கேள்வி.

என் வீட்டுக்காரி மரியம்மாளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவள் ராட்டினத்தில் பட்டு இழை சுற்றுவதைப் பின்கட்டிலிருந்தே எழுதியிருக்கிறார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் காலு யாருதுங்க?" என்றாள்.

"உன்னுதுதான் தங்கச்சி."

"இப்படியா வெடிச்சிக் கீது?"

அவரை அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்தாள். "இவ்ளோ நாளா கூடவே இருந்துகினு, நீங்க ஏன் சொல்லல?" என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஆறின கஞ்சி. அவருக்கு மட்டும் சூடாகப் போனது.

துரை சொன்ன கொட்டகைக் கதை அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. ஓர் ஆடியில், படவேட்டுக்கு வண்டி வண்டியாக ஜனங்கள் போகிற ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டுத் தம் படங்களை மாட்டிவிட்டார். பொம்மலாட்டமோ, சாமி படமோ என்று நினைத்து ஜனங்கள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். உள்ளே என்ன இருந்தது? தறிக்குழியில் கால் தொங்கப் போட்டிருக்கிற நெசவாளி ஒருவன், சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற ஒருத்தி, வண்டிமாடு ஒன்று. வெம்பாக்கத்துக்காரர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க வூட்லயே கீதே. இதுக்கு இன்னாத்துக்கு வண்டிய நிறுத்தச் சொன்ன?" என்று பெண்டாட்டியைத் திட்டினார். தேவிகாபுரத்து அம்மாள் ஒருத்தி மட்டும் மாட்டுப் படத்தை விட்டு நகரவில்லை. "கழுத்துல புண்ணு வச்சிருக்குது பாரு. வேப்பெண்ண போடச் சொல்லு அவனை. பாவிங்க" என்று உள்ளபடியாரிடம் கோபமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது சூசையப்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கோவில் பக்கப் பீடத்தில் சேசுநாதரை வளர்த்த தகப்பனாரான சூசையப்பரின் படம் ஒன்று, பிரான்சு தேசத்திலிருந்து வந்தது, இருந்தது. அச்சடித்த சின்னப் படம். பொன் நிறத் தாடி, ரோஜாப்பூ நிறக் கன்னம், வெண்ணெய் போன்ற கை. சூசையப்பர் நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அல்லவா? ஆகையால் எங்கள் தெருவில் யாருக்காவது கடைசிக் காலம் என்றால், கோவில் காரியம் பார்க்கிற கோவில்பிள்ளை ஆரோக்கியம் அந்தப் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு எதிரே வைப்பார். அதைப் பார்த்தபடி கண் மூடுவது எங்கள் வழக்கம். அந்தப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. பங்குச் சுவாமியார், பங்குனியில் வருகிற சூசையப்பர் திருநாளுக்குள் புதிதாக ஒன்று எழுதும்படி உள்ளபடியாரிடம் சொன்னார். ஊரில் படம் எழுதுகிறவர் வேறு யாரும் இல்லை. அதுதான் காரணம்.

உள்ளபடியார் எதிரில் ஓர் ஆள் இல்லாமல் எழுதமாட்டார். சூசையப்பர் தச்சர். ஆகவே எங்கள் தெருவுக்குத் தறி செய்து கொடுக்கிற தச்சன் சவரிமுத்துவைப் பிடித்தார். சவரி நல்ல வேலைக்காரன். சாயங்காலமானால் கள்ளுக்கடைப் பக்கம்தான் இருப்பான். பூசைக்குக் கடைசியாக வந்து முதலில் வெளியே போவான். இடது கையில் மோதிர விரல் பாதிதான். மீதியை உளி எடுத்துக்கொண்டது. சுவாமியார் கொடுத்த பழைய அங்கியை மாட்டி அவனை மரத்தூளில் உட்காரவைத்து எழுதினார். வழியே போன பொம்பிளைகள் அங்கியைப் பார்த்துத் "தோஸ்திரம் சாமி" என்று கும்பிட, சவரி பதறிப்போய் மரம் செதுக்குகிற வாய்ச்சியை எடுத்துக் காட்டுவான்.

திருநாளுக்குச் சில வாரம் முன்பே படத்தைப் பீடத்துக்கு மேலே ஏற்றினார்கள். பாரிஸ்காரரைப் போல ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமியார் திரையை விலக்கினார். மரத்தூளில் சூசையப்பர் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை சேசு அளவுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். இன்னொரு முனை சூசையப்பரின் இடது கையில். அதில் மோதிர விரல் பாதி. அங்கியின் முழங்கையில் ஓர் ஒட்டு.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் சவரி, அங்க ஏறி இன்னாடா பண்ற?"

அவ்வளவுதான். நான் ஆண்டவர் சந்நிதியில் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான். சர்வேசுரன் மன்னிப்பாராக. சவரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவன் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆளு முன்னாடி நான் முழங்கால் போடணுமா? வூட்ல ஒரு நாள் எனக்குத் தண்ணி மொண்டு குடுத்திருப்பாரா?" என்று நியாயம் கேட்டாள்.

கோவில்பிள்ளை ஆரோக்கியம் உள்ளபடியாரைப் பீடத்தடியிலேயே மடக்கினார்.

"வெரலு எங்கய்யா?"

"சவரிக்கு இல்லீங்களே."

"சவரிக்கு இல்லாட்டி போவுது. சூசையப்பருக்கு இருந்துச்சில்ல?"

"நீங்க எண்ணிப் பாத்தீங்களா?"

ஆரோக்கியம் கொஞ்சம் இறங்கி வந்தார். "யோவ், ஒரு கோடு. ஜல்தியா இழுத்துவுட்டா முடிஞ்சிது. ஒரு வெரலுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

"அந்த வெரலு பொய்யின்னா, மத்த ஒம்போதையும் யாருங்க நம்புவாங்க?"

சுவாமியார் பிரெஞ்சுக்காரர். அதனால் தம் பக்கம் பேசுவார் என்று உள்ளபடியார் நம்பினார். பாரிஸ் கொட்டகைக் கதையை அவரிடம் முழுக்கச் சொன்னார். சுவாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் புத்தகத் தமிழில், "நான் பாரிஸ் பட்டணத்தைக் கண்டதில்லை அப்பா. எங்கள் ஊர் ஒரு மலைக் கிராமம். என் தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்கிறவர்" என்றார். படத்தின் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் இதன் முன்னே முழந்தாளிடப் போகிறவர்கள் நீங்கள். நீங்களே தீர்மானியுங்கள்" என்று போய்விட்டார்.

தெருப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். திருநாளுக்குள் விரலை முழுசாக்கினால் படம் இருக்கும். இல்லாவிட்டால் இறக்கிச் சாமான் அறையில் போட்டுவிடுவது.

அன்று மாலை அவர் என் தறியருகே வந்து உட்கார்ந்தார். "எம் படம் எல்லாத்தையும் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சாங்க. சரின்னு இருந்தேன். இது ஒண்ணாவது ஜனங்க கண்ணுக்கு எதுர இருக்கும்னு நெனச்சேன். இதுவும் எறங்கிச்சின்னா பிரஷ்ஷ ஆத்துல போட்டுட்டு சாயப் பட்டறைக்குப் போயிடறேன்" என்றார்.

"ஒரு வெரல போட்டுட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறாங்க?"

"சவரிக்கு மொளைக்கட்டும். மறுநாளே போட்டுடறேன்."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. மரியம்மாளும் நானும் ஜெபமாலை சொல்லும்போது அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொன்னோம். படம் இருக்க வேண்டுமென்று கேட்பதா, அவருக்குப் புத்தி வர வேண்டுமென்று கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாதாவிடம் விட்டுவிட்டோம்.

திருநாளுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. கோவில்பிள்ளை ஆரோக்கியத்தின் அக்காள் அன்னம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். சின்ன வயதில் தாயில்லாமல் போன ஆரோக்கியத்தைப் பட்டு இழைத்து வளர்த்தவள் அவள்தான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இழை அறுத்து அறுத்து அவள் ஆள்காட்டி விரலில் வாய்க்கால் வாய்க்காலாகத் தடம் இருக்கும். சுவாமியார் வந்து, கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அவள் கண்ணைத் திறந்து, "சூசையப்பரைக் கொண்டாந்து வைடா" என்றாள்.

ஆரோக்கியம் விழித்தார். பழைய படம் கரையான் வயிற்றில். இருப்பது புதிசு. கோவிலுக்கு ஓடினார். நாங்கள் நான்கு பேர் இறக்கித் தூக்கி வந்தோம். அன்னம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது, ஆளுயரச் சூசையப்பர் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் நுழையமாட்டார் என்று. நேராகப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், படுக்கப் போட்டுப் பார்த்தோம். குழந்தை சேசு உள்ளே போனார். சூசையப்பர் வெளியே நின்றார்.

"சாவறவங்களுக்குக் காட்ட முடியாத சூசையப்பர இன்னாத்துக்குய்யா எழுதின?" என்று, பின்னாலேயே வந்த உள்ளபடியாரைப் பார்த்து ஆரோக்கியம் அழுதுவிட்டார்.

உள்ளபடியார் தெருவில் நின்ற கட்டை வண்டியை வாசலுக்கு நேரே தள்ளி, அதன்மேல் படத்தை நிறுத்தச் சொன்னார். வாசற்கதவு இரண்டையும் அகலத் திறந்தார். கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். ஆனால் பங்குனி வெயில் வார்னிஷில் பட்டுக் கண்ணைப் பறித்தது. அவர் வண்டிமேல் ஏறி, மேல்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பந்தலாகப் பிடித்துக்கொண்டார். படம் ஆடியது.

"யாராவது அந்த ஓரத்தப் புடிங்கப்பா."

கூட்டத்தில் நின்ற சவரி, யாரும் சொல்லாமலே போய்ப் பிடித்தான். வெயில் நகர நகர உள்ளபடியாரும் துண்டோடு நகர்ந்தார். "சவரி, கொஞ்சம் சாய்ச்சிப் புடி. இன்னும் கொஞ்சம். தோ, அப்படியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வியர்வை சொட்டியது. தெருவே முழங்கால் போட்டிருந்தது.

நான் வாசற்படியில் இருந்ததால் உள்ளே பேசியது காதில் விழுந்தது.

"இன்னாடா ஆரோக்கியம், ரெண்டு பேரு வந்துகீறாங்க?" என்றாள் அன்னம்மாள்.

"ஒருத்தரு சவரி, அக்கா. படத்தப் புடிச்சிகினு கீறான்."

அவள் மறுபடியும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னொருத்தருக்கு வெரலு பாதி போயிகீதே."

ஆரோக்கியம் என்ன சொல்லப் போகிறார் என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வண்டிமேல் உள்ளபடியாரும் அசையாமல் நின்றார், அவருக்கும் கேட்டிருக்கும். ஆரோக்கியம் அக்காள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மர வேலக்கா. உளி பட்டுடுச்சி."

"வலிச்சிருக்கும்" என்றாள் அவள். பிறகு தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். "அப்போ என் கையப் பாத்தா அவருக்குப் புரியும். நாந்தான் வெறுங்கையோட போறமேன்னு பயந்துகினு இருந்தேன்."

வெயில் தாழ்ந்து, துண்டு தேவைப்படாத நேரத்தில் அமைதியாகப் போய்விட்டாள். உள்ளபடியார் வண்டியிலிருந்து இறங்கக் கையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. சவரிதான் தூக்கி இறக்கினான்.

திருநாளன்று படம் பீடத்துக்கு மேலேயே இருந்தது. பெரியவர் ஒருவர் மெதுவாக, "அந்த வெரலு..." என்று ஆரம்பித்தார். ஆரோக்கியம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே, "எங்க அக்கா பாத்த வெரலு. அதுல எவன் கை வச்சாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சவரியின் பெண்டாட்டியும் கடைசி வரிசையில் முழங்கால் போட்டாள். பக்கத்தில் நின்ற சவரியை முறைத்தபடிதான் போட்டாள்.

எல்லோரும் கலைகிற நேரத்தில் உள்ளபடியார் பிரஷ்ஷோடு ஏணியில் ஏறினார். ஆரோக்கியம் பாய்ந்து வந்து ஏணியைப் பிடித்தார்.

"யோவ், இப்ப இன்னாத்துக்கு ஏர்ற? அதான் வேணான்னு சொல்லிட்டமே."

"வெரலு இல்லீங்க. சவரிக்குக் காதுல மயிரு கீது. அன்னிக்கு வண்டிகிட்ட பக்கத்துல நிக்கறப்பதான் பாத்தேன். வுட்டுப் போச்சு."

எழுதிவிட்டுத்தான் இறங்கினார். இன்றைக்கும் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அதற்குப் பிறகு சவரி கள்ளுக்கடைக்குப் போனால், கடைக்காரனே, "உனக்கு ஊத்தினா எனக்குப் பாவம்யா, வூட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தான். சவரி உள்ளபடியாரைத் திட்டாத நாளில்லை. ஆனால் பூசைக்கு நேரத்தோடு வந்தான்.

சில வருஷம் கழித்து, தேவிகாபுரம் பக்கம் வண்டிமாடுகளை எழுதப் போன உள்ளபடியார் காய்ச்சலில் விழுந்தார் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். நாங்கள் படத்தை வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆரோக்கியமும் நானும் உட்கார, சவரி ஓட்டினான். அவர் ஒரு மாட்டுக்கொட்டகையில் படுத்திருந்தார். அதற்கு வாசல் பெரிசு. சூசையப்பர் தாராளமாக உள்ளே போனார். உள்ளபடியார் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சவரியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சவரி, நரைச்சிட்டியேடா" என்றார். "திருத்தணுமே."

சவரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுந்து வந்து திருத்து" என்றான். அவர் தலையசைத்தார். நாங்கள் சூசையப்பர் பிரார்த்தனையைச் சொல்லி முடிப்பதற்குள் சர்வேசுரன் அவரை அழைத்துக்கொண்டார்.

ஊரில் எல்லோர் முகத்தையும் எழுதிய மனிதருக்கு ஒரு படம் இல்லை. அவர் எப்படியிருப்பார் என்று நானும் இவ்வளவு நேரம் சொல்லாமலே வந்துவிட்டேன். உள்ளபடி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அவர் அழகாகத்தான் இருந்தார்.